28 நாட்களில் முடியும் தண்டுவட அடித்தளம். 12-வது வாரத்தில் தொடங்கும் அரசுப் பதிவேடு

திருப்பதி: கருவுற்றிருப்பதை ஒரு பெண் சோதனையில் உறுதி செய்துகொண்டு, மருத்துவரைச் சந்திக்க நாள் குறிக்கும் நேரத்தில், அவரது கருவில் உள்ள குழந்தையின் தண்டுவடத்துக்கான அடித்தளப் பணி ஏறத்தாழ நிறைவடைந்திருக்கும். கருத்தரித்த 28-வது நாளுக்குள் முடிந்துவிடும் பணி அது. மாதவிடாய் தள்ளிப்போன நாளிலிருந்து கணக்கிட்டால், இரண்டே வாரங்கள். அரசின் தாய் சேய் நலத் திட்டங்களோ, 12 வாரங்களுக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வதையே 'முன்கூட்டிய பதிவு' என்று கணக்கில் கொள்கின்றன. கருவின் நாள்காட்டிக்கும் அலுவலகத்தின் நாள்காட்டிக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான், தடுத்திருக்கக்கூடிய ஒரு பிறவிக் குறைபாடு நாட்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளைப் பாதிக்கிறது.

நரம்புக்குழல் குறைபாடு என்பது அதன் பெயர். முதுகுப் பகுதியில் குழல் மூடாமல் போனால் 'ஸ்பைனா பைஃபிடா' எனப்படும் முதுகெலும்புப் பிளவு ஏற்படுகிறது. கால்கள் செயலிழத்தல், சிறுநீர் மற்றும் மலக் கட்டுப்பாடு இன்மை, தலையில் நீர் கோத்தல் ஆகியவை அதனுடன் சேர்ந்து வருகின்றன. தலைப் பகுதியில் மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாவதில்லை. அத்தகைய குழந்தைகள் பிழைப்பதில்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ஆம் ஆண்டிலும் 2015-ஆம் ஆண்டிலும் வெளியான இரண்டு மதிப்பீடுகள், 1,000 பிறப்புகளுக்கு 4 முதல் 5 வரை இக்குறைபாடு காணப்படுவதாகக் கூறின. மாவில் போலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய அமெரிக்காவில் இந்த விகிதம் 1,000-க்கு ஒன்றுக்கும் கீழே உள்ளது.

எல்லையின் இருபுறமும் சிகிச்சை: 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படும் வரை திருப்பதியும் சித்தூரும் ஒரே மாவட்டமாக இருந்தன. முதுகுத்தண்டு, எலும்பு, கை கால் குறைபாடுகளுக்கான சிகிச்சையில் தென்னிந்தியாவில் நன்கு அறியப்பட்ட இரண்டு நிறுவனங்கள் இந்த வட்டாரத்துக்கு எட்டும் தொலைவில் உள்ளன. ஒன்று, திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985-இல் தொடங்கிய 'பேர்ட்' மருத்துவமனை. போலியோவால் முடங்கியோருக்காகப் புகழ்பெற்ற அந்த மருத்துவமனை, பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் சிகிச்சை அளித்து வருகிறது. மற்றொன்று, சித்தூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966-இல் அங்கு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். சித்தூர், புத்தூர், நகரி பகுதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் நோய் என்றால் வேலூருக்குப் பேருந்து ஏறுவது இன்றளவும் தொடரும் வழக்கம்.

இவை அனைத்தும் குழந்தை பிறந்த பிறகு கிடைக்கும் உதவிகள். 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமும் (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) அப்படித்தான். அத்திட்டத்தின் கீழ் பரிசோதிக்க வேண்டிய பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்றிருப்பது நரம்புக்குழல் குறைபாடு. ஆயினும், அதைக் கண்டறிய அரசு செலுத்தும் கவனத்தில் ஒரு பகுதிகூட அது நேராமல் தடுப்பதில் செலுத்தப்படவில்லை என்பதே நடைமுறை காட்டும் உண்மை.

தகடு குழலாகும் விதம்: கருத்தரித்த சுமார் 18-வது நாளில், கருவின் மேற்புற செல்களில் ஒரு பட்டை தடித்து 'நரம்புத் தட்டு' ஆகிறது. அதன் இரு ஓரங்களும் உயர்ந்து, நடுவில் பள்ளம் விழுந்து, ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. வெற்றிலையை இரு புறமும் மடித்துச் சுருட்டுவதைப் போன்ற செயல் இது. மனிதக் கருவில் 22-வது நாளளவில் கழுத்துப் பகுதியை ஒட்டித் தொடங்கும் இந்த ஒட்டுதல், மேலும் கீழுமாக நகர்கிறது. தலைப்பக்கத் துளை சுமார் 25-வது நாளிலும், கீழ்ப்பக்கத் துளை சுமார் 28-வது நாளிலும் மூடுகின்றன. மூடிய குழலின் மேற்பகுதி மூளையாகவும், மீதமுள்ள நீளம் தண்டுவடமாகவும் வளர்கின்றன.

குழல் மூடும் அதே காலத்தில் அதன் சுவரில் உள்ள முன்னோடி செல்கள் வேகமாகப் பிளந்து பெருகுகின்றன. அவற்றில் எந்த செல் எந்த வகை நரம்பு செல்லாக வேண்டும் என்பதை, அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. குழலுக்கு அடியில் ஓடும் முதுகுநாண் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்பது அப்புரதத்தின் பெயர். கணினி விளையாட்டுக் கதாபாத்திரம் ஒன்றின் பெயரை ஆய்வாளர்கள் அதற்குச் சூட்டிவிட்டனர், அது நிலைத்தும் விட்டது. அடிப்புறத்தில் இப்புரதம் அடர்ந்தும், மேலே செல்லச் செல்ல நீர்த்தும் இருக்கும். குழலின் கூரைப் பகுதியிலிருந்து 'பிஎம்பி' எனப்படும் வேறு புரதங்கள் எதிர்த்திசையில் கீழே பரவுகின்றன. இரண்டின் அளவையும் உணர்ந்து, அடிப்புற செல்களில் ஒரு பகுதி தசைகளை இயக்கும் நரம்பு செல்களாகின்றன. மேற்புறத்தில் உள்ளவை தொடுதல், வலி, வெப்பம் ஆகிய உணர்வுகளைக் கையாளும் செல்களாகின்றன. எலி, கோழிக் கருக்களைக் கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஜெசல், லண்டனின் ஜேம்ஸ் பிரிஸ்கோ உள்ளிட்டோர் 1990-கள் முதல் வரைந்த வரைபடத்தின்படி, தண்டுவடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 11 முன்னோடிப் பகுதிகள் அடுக்கடுக்காக உள்ளன.

வரிசை மட்டுமல்ல, நேரமும் குறிக்கப்பட்டதே. இயக்க நரம்பு செல்களைத் தரும் அதே பகுதி, சில நாட்களில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டு, நரம்பிழைகளுக்கு உறையிடும் துணை செல்களை உருவாக்கத் தொடங்குகிறது. பிரிஸ்கோ குழுவினர் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், எலியிலும் மனிதரிலும் இந்தப் படிநிலைகள் ஒன்றே என்றும், மனித செல்களில் அவை நடந்தேற சுமார் இரண்டரை மடங்கு நேரம் பிடிக்கிறது என்றும் கண்டறியப்பட்டது. அவ்வாறு மெதுவாக நடந்தும் முதல் கட்டம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது.

ஆந்திரத்தில் பிறந்தவர் தந்த மருந்து: இவ்வளவு வேகமாகப் பிளக்கும் செல்கள் ஒவ்வொரு முறையும் தமது மரபணுப் பொருளை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு போலேட் எனும் வைட்டமின் தேவை. அதன் வரலாற்றில் இந்தியாவின் பங்கு பெரிது. ஆனால் அது பேசப்படுவது குறைவு. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், அங்குள்ள ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த கடும் ரத்தசோகை, ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாவதை 1931-இல் அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருளே பின்னர் போலேட் என அடையாளம் காணப்பட்டது. அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1940-களின் நடுவில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் கண்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர்.

அதே சுப்பாராவின் ஆய்வகத்தில்தான் போலேட்டின் செயலைத் தடுக்கும் 'அமினோப்டெரின்' என்ற மருந்தும் உருவானது. ரத்தப் புற்றுநோய்க்கு அது பயன்பட்டது. ஆனால் கருக்கலைப்புக்காக அதை உட்கொண்டு, கலையாமல் போன கர்ப்பங்களில், நரம்புக்குழல் மூடாத கருக்கள் காணப்பட்டதை 1950-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். போலேட் இல்லையேல் குழல் மூடாது என்பதற்கான முதல் எச்சரிக்கை அதுவே எனலாம். மருந்தும் அதற்கு எதிரான மருந்தும் ஒரே மேசையில் பிறந்தும், இந்தத் தொடர்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுவதற்கு மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய ஆய்வு 1991-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. முன்பு இக்குறைபாட்டுடன் குழந்தை பெற்ற பெண்களுக்கு, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றோரில் ஒரு சதவீதத்தினருக்கும், பெறாதோரில் 3.5 சதவீதத்தினருக்கும் குறைபாடு மீண்டும் நேர்ந்தது. பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. இதே கேள்வியுடன் 1988 முதல் நடந்துவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வும் அதையடுத்து நிறுத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகளில், மருந்து பெறாத குழுவில் சுமார் 7 சதவீதமாக இருந்த பாதிப்பு, பெற்ற குழுவில் சுமார் 3 சதவீதமாக இருந்தது. ஆய்வு சுருங்கியதால் இந்த எண்கள் தனித்து நின்று தீர்ப்பளிக்கும் வலிமை பெறவில்லை. எனினும் அவை காட்டிய திசை ஒன்றே. முதல் முறை கருவுறுவோருக்கும் பலன் உண்டு என்பதை ஹங்கேரியில் 1992-இல் வெளியான ஆய்வும், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும் என்பதை சீனாவில் சுமார் இரண்டரை லட்சம் பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வும் காட்டின.

இவ்வகைக் குறைபாடுகள் அனைத்தையும் மாத்திரை தடுத்துவிடாது. மரபணுக் காரணங்கள், கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் ஆகியவையும் காரணமாகின்றன. ஆயினும், உலக அளவில் பிறவிக் குறைபாடு ஒன்றைத் தடுக்க இவ்வளவு மலிவான, இவ்வளவு உறுதியாக நிறுவப்பட்ட வழி வேறு இருப்பதாகச் சொல்வது கடினம்.

வாரம் ஒரு மாத்திரையின் அளவு: ரத்தசோகையற்ற பாரதம் திட்டத்தின் (அனீமியா முக்த் பாரத்) 2018 வழிகாட்டுதல், கருத்தரிப்பதற்கு முந்தைய காலம் முதல் மூன்றாம் மாதம் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுத்துக்கொள்ள அறிவுறுத்துகிறது. எழுத்தில் குறையில்லை. ஆனால் அந்த மாத்திரையைக் கையில் கொடுக்கும் ஆஷா பணியாளரும் அங்கன்வாடியும் ஒரு பெண்ணைத் தேடி வருவது, அவர் கர்ப்பிணி எனத் தெரிந்த பிறகே. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்குச் சென்ற கர்ப்பிணிகள் 70 சதவீதம். இதற்கு முந்தைய ஆய்வில் 59 சதவீதமாக இருந்த அளவு இவ்வாறு உயர்ந்தது பாராட்டத்தக்கதே. தண்டுவடத்தின் கணக்கில் பார்த்தாலோ, 10-வது வாரத்தில் வந்தவருக்கும் 20-வது வாரத்தில் வந்தவருக்கும் வேறுபாடு இல்லை.

கர்ப்பத்துக்கு முன்பே பெண்களைச் சென்றடையும் ஒரு திட்டமும் உள்ளது. வளரிளம் பெண்களுக்கும் இளம் பெண்களுக்கும் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைதான் அது. அதில் உள்ள போலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வாராந்திர மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 2,800 மைக்ரோகிராம். ரத்தசோகையை மனதில் கொண்டு வகுக்கப்பட்ட மாத்திரை என்பதால் இந்த வேறுபாடு நேர்ந்துள்ளது. கொண்டு சேர்க்கும் வழி ஏற்கெனவே இருக்கும்போது, அளவைத் திருத்துவதில் தயக்கம் ஏன் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு விளக்கம் தர வேண்டியது அவசியம்.

அரிசியில் எவ்வளவு: மாத்திரை விழுங்குவதை நினைவில் வைக்கத் தேவையின்றி, உணவிலேயே சேர்த்துவிடுவது மாற்று வழி. செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2021 சுதந்திர தின உரையில் அறிவித்தார். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, 17,082 கோடி ரூபாய் செலவில் அதை 2028 டிசம்பர் வரை நீட்டிக்க ஒப்புதல் அளித்தது. நியாயவிலைக் கடை அரிசியில் நிறம் வேறுபட்ட மணிகளைக் கண்டு 'பிளாஸ்டிக் அரிசி' என்று வதந்தி பரவியதும் இத்திட்டத்தால்தான். இரும்பு, பி12 ஆகியவற்றுடன் போலிக் அமிலமும் சேர்ந்த அந்த மணிகளை உணவுப் பொருள் வழங்கல் அதிகாரிகள் பல ஊர்களில் பொதுமக்கள் முன்னிலையில் சமைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

வதந்தியை ஒதுக்கிவிட்டு அளவைக் கவனிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோ அரிசியில் இருக்க வேண்டிய போலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு அதிலிருந்து கிடைப்பது 22 முதல் 38 மைக்ரோகிராம் வரை. மாத்திரை தரும் 400-இல் பத்தில் ஒரு பங்கும் இல்லை. கஞ்சி வடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில், நீரில் கரையும் இந்த வைட்டமினில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். 1998 முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட அளவோ, ஒரு கிலோ மாவுக்கு 1,400 மைக்ரோகிராம். கீரை, பயறு வகைகளில் இயற்கையான போலேட் உண்டு. ஆனால் சமைக்கும்போது அதில் கணிசமான பகுதி அழிகிறது. உடல் அதை உறிஞ்சுவதும் செயற்கை வடிவத்தைவிடக் குறைவு.

உப்பு மற்றொரு சாத்தியம். அயோடின் சேர்த்த உப்பு ஏற்கெனவே பெரும்பாலான வீடுகளில் உள்ளது. தென்னிந்தியக் கிராமங்கள் நான்கில் 83 பெண்களுக்கு, அயோடினுடன் போலிக் அமிலமும் சேர்த்த உப்பை நான்கு மாதங்கள் கொடுத்து நடத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. அவர்களின் ரத்தத்தில் போலேட் அளவு மூன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்ததாக அது தெரிவித்தது. இது ஒரு சிறிய ஆய்வு. அளந்ததும் ரத்தத்தின் அளவையே, பிறப்புகளை அல்ல. இருப்பினும், செறிவூட்டிய உப்புக்கான இந்திய விதியில் அயோடினும் இரும்பும் மட்டுமே இடம்பெற்றுள்ள நிலையில், மூன்றாவதாக ஒன்றைப் பரிசீலிக்க இது போதிய காரணம்.

அச்சங்களும் இல்லாமல் இல்லை. பி12 குறைவாக உள்ளோருக்குப் போலிக் அமிலம் அதிகம் சென்றால், ரத்தசோகை சரியாவது போலத் தோன்றி, நரம்புப் பாதிப்பு மறைவாகத் தொடரக்கூடும். சைவ உணவினர் மிகுந்த நாட்டில் இதைப் புறந்தள்ள முடியாது. போலிக் அமிலத்தைச் சேர்க்கும் இடத்தில் பி12-ஐயும் சேர்ப்பதே இதற்கான பதில். அரிசித் திட்டத்தில் அந்த முன்னெச்சரிக்கை ஏற்கெனவே உள்ளது. ஸ்பைனா பைஃபிடாவைத் தடுக்க உணவைச் செறிவூட்டுமாறு உலக சுகாதார மாநாடு 2023 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. பல ஆண்டுகள் விவாதித்துக் காலம் கடத்திய பிரிட்டனும், கோதுமை மாவில் போலிக் அமிலத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2024-இல் இயற்றி, 2026 டிசம்பரை அமலாக்கக் காலமாக அறிவித்துள்ளது.

பிறந்த செல் பிழைப்பதில்லை: குழல் மூடாத இடத்திலும் நரம்பு செல்கள் உருவாகவே செய்கின்றன என்பது இக்குறைபாட்டின் வேதனையான பகுதி. திறந்து கிடக்கும் அந்தத் திசு, கர்ப்பத்தின் எஞ்சிய மாதங்களில் பனிக்குட நீரில் நனைந்தும் உரசியும் சிதைகிறது. இதனால்தான், கருவில் இருக்கும்போதே முதுகை மூடும் அறுவை சிகிச்சை முயன்று பார்க்கப்பட்டது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26 வாரங்களுக்கு முன் கருவிலேயே அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 40 சதவீதத்தினருக்கே தலை நீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்டது. பிறந்த பின் சிகிச்சை பெற்றோரில் அது 82 சதவீதம். நடக்கும் திறனும் மேம்பட்டிருந்தது. முன்கூட்டிய பிரசவம் உள்ளிட்ட ஆபத்துகள் அதில் உண்டு. தேர்ந்த மையங்களில் மட்டுமே செய்யக்கூடிய அந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவில், ஒரு மண்டலத்துப் பெண்கள் அனைவருக்கும் பல ஆண்டுகளுக்கு மாத்திரை வாங்கிவிடலாம்.

சிதைந்ததை மீண்டும் வளர்த்தெடுக்க முடியுமா என்பது ஆய்வகங்களின் நெடுநாள் தேடல். வரிக்குதிரை மீன் தனது அறுந்த தண்டுவடத்தைச் சில வாரங்களில் சீரமைத்துக்கொள்கிறது. பாலூட்டிகளில் அத்திறன் இல்லை. தண்டுவடத்தின் நரம்பு செல்கள் கருவில் ஒருமுறை உருவாகின்றன, இழந்தால் புதியவை முளைப்பதில்லை. ஆய்வகத்தில் மூல செல்களிலிருந்து இயக்க நரம்பு செல்களை உருவாக்க முடிகிறது. 2002-இல் ஜெசல் குழுவினர் எலி செல்களில் அதைச் செய்துகாட்டியபோது பின்பற்றியது, கரு தானே பின்பற்றும் அதே சமிக்ஞை வரிசையைத்தான். அது இன்னும் நோயாளியின் முதுகை எட்டவில்லை.

உடலில் போலேட் போதிய அளவுக்கு உயரச் சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும் என்பதால், மாத்திரையைத் தொடங்க ஏற்ற நேரம் கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு. இந்தியச் சூழலில் முதல் குழந்தையைப் பொறுத்தவரை அதற்கு வசதியான நாள் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: திருமண நாள். திருமலையில் தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகையில் இலவசமாக மணம் முடிக்க ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் இணையர் வருகின்றனர். வயதுச் சான்றும் அடையாள அட்டையும் சரிபார்க்கப்படும் இடம் அது. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள திருமணப் பதிவு அலுவலகங்களிலும் இதே சரிபார்ப்பு நடக்கிறது. அந்த மேசையில் மூன்று மாதங்களுக்கான போலிக் அமில மாத்திரைகளையும், தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட அரைப்பக்கக் குறிப்பையும் வைக்கப் புதிய சட்டமோ புதிய துறையோ தேவையில்லை. மாவட்ட சுகாதார அலுவலரின் ஓர் உத்தரவு போதும்.